தயிர் புளிக்காத ஊரைத் தேடி கோடியக்கரைக்கு

போன சித்திரையில் என் கணவர் தஞ்சாவூர் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர், அப்படியே மயங்கி விழுந்தார். அடுத்த கோடையில் இவரை இந்த வெயிலில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் பெங்களூருக்குக் கூப்பிட்டாள். பதினோராவது மாடியில் பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு இவர் ஓடிவந்துவிட்டார். வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று என்றாலும், ஆற்றில் தண்ணீர் வரும் அன்று மடையில் போய் நிற்காவிட்டால் இவருக்கு அந்த வருஷமே ஓடாது.

ஆகவே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். மூன்று மணி நேரத்தில் வயலுக்குத் திரும்ப முடிகிற தூரத்தில் குளிர்ச்சியான ஊர் கிடைத்தால் கோடைக்கு அங்கே வீடு எடுப்போம். கிடைக்காவிட்டால் மறுபேச்சு இல்லாமல் பெங்களூர்.

இந்த ஆண்டு பங்குனிக் கடைசியில் கோடியக்கரைக்குக் கிளம்பினோம். ஊரைச் சோதிக்க நான் எடுத்துக்கொண்டது தயிர் சாதம். சிரிக்காதீர்கள், நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. எங்கள் பக்கத்தில் பயணத்துக்குக் கட்டும்போது குழைந்த சாதத்தில் பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்து மூடிவிடுவோம். சாப்பிடும் நேரத்துக்கு அதுவே உறைந்திருக்கும். தஞ்சாவூர்க் கோடையில் அது பகல் ஒரு மணிக்கே பல் கூசும் அளவுக்குப் புளித்துவிடும். எந்த ஊரில் ஒரு மணிக்கும் புளிக்காமல் இருக்கிறதோ, அதுதான் எங்கள் ஊர்.

காலை ஏழு மணிக்குச் சாதத்தைக் கலந்து மூடிவிட்டு, ஒன்பதரைக்குக் கார் ஏறினோம். மன்னார்குடியில் காபி, பிறகு திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக ஏறத்தாழ நூற்றுப்பத்து கிலோமீட்டர். வழியெல்லாம் வயல்கள் வெடித்துக் கிடந்தன. வேதாரண்யம் நெருங்கும்போது உப்புக் குவியல்களைப் பார்த்துக் கண் கூசியது. ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. பெங்களூர்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோடியக்கரையில் வாடகைக்குப் பார்த்துவைத்திருந்த ஓட்டு வீட்டின் முன்னால் ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தேன். ஓட்டுநர் செல்வம் பதறினார்.

"டீச்சர், இங்க குரங்கு ஜாஸ்தி. டப்பாவ மடியில வச்சுக்குங்க."

சாதம் துளிப் புளிப்பில்லை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. "வசந்தா, முன்பணத்தக் குடுத்துடலாமா?" என்று பையில் கை விட்டுவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டப்பா காலையிலிருந்து ஏசி காரில் அல்லவா வந்தது! அது கோடியக்கரைக் குளிர்ச்சி இல்லை, செல்வம் காரின் குளிர்ச்சி.

"முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தியா?" என்றார் இவர்.

வீட்டுக்காரம்மா நல்லவர். ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டிலேயே சாதம் வடித்து, பால் ஊற்றி, உறை விட்டு மூடினேன். தஞ்சாவூரில் பக்கத்து வீட்டு மல்லிகாவுக்குப் போன் போட்டு, அதே நேரம் அவளையும் செய்யச் சொன்னேன். இந்த முறை ஏமாற்ற முடியாது.

பதினொன்று வரை கோடியக்கரையும் தஞ்சாவூர்தான், சந்தேகமே வேண்டாம். கசகசப்பு வேறு. பதினொன்றரைக்குக் கடல் காற்று வந்தது. கொடியில் கிடந்த துண்டு பறந்துபோய்க் கிணற்றடியில் விழுந்தது. இவர் அதை எடுத்துவந்து, சும்மா சாய்கிறேன் என்று கூடத்தில் பாயை விரித்தார்.

ஒரு மணிக்கு மல்லிகா கூப்பிட்டாள். "டீச்சர், இங்க வாயில வைக்க முடியல, அப்படிப் புளிச்சுப் போச்சு. அங்க எப்படி?"

"இன்னும் திறக்கல மல்லிகா. சார் தூங்குறாரு."

"பகல்லயா? நம்ம சாரா?"

அவளுக்குத் தெரியும். போன வருஷம் விழுந்ததிலிருந்து, கோடைப் பகலில் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தே இருப்பார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பார். இப்போது வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், வியர்வை இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுப்பவில்லை.

விவரம் கேட்பவர்களுக்கு: இரண்டு நாளைக்குக் கார் வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய், வீட்டு வாடகை மாதம் ஐயாயிரம். கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்கத் தண்ணீர் கேன் வாங்க வேண்டும். மருந்து மாத்திரைக்கும் டாக்டருக்கும் பதினோரு கிலோமீட்டர் தள்ளி வேதாரண்யம்தான், ஆகவே வண்டிக்காரர் நம்பர் ஒன்று கையில் இருக்கட்டும். கோடையில் பறவைகளைத் தேடாதீர்கள், அவை குளிர்காலத்து விருந்தாளிகள். வீட்டை முடிவு செய்வதற்கு முன் கட்டாயம் ஒரு பகல் முழுக்க அங்கே இருந்து பாருங்கள். ஏசி காரில் போய் இறங்கி, எட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

இவர் எழுந்தவுடன் பசி என்று டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டார். முகம் சுருங்கிவிட்டது.

"புளிச்சுப் போச்சே வசந்தா..." என்றவர் குரல் இறங்கிவிட்டது. "அப்ப பெங்களூருதானா?"

"மணி என்னன்னு பாருங்க" என்றேன்.

திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. சும்மா சாய்கிறேன் என்று பாயை விரித்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. புளித்த சாதம் மொத்தத்தையும் ஊறுகாய்கூடக் கேட்காமல் சாப்பிட்டு முடித்தார்.