மணியக்காவும் நீலத் தொப்பிகளும்

எங்கள் தொடக்கப் பள்ளியில் மணியடிப்பது, வகுப்பறை கூட்டுவது, விழுந்த பிள்ளைக்கு மருந்து போடுவது எல்லாம் ஒரே ஆள்தான். அவரைப் பிள்ளைகளும் மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவர்களுடைய அம்மாக்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். எனக்கும் அக்காதான்.

அவருக்குத் தண்ணீரைக் கண்டால் பயத்தில் உயிர் போகும். சின்ன வயதில் அவர்கள் தெருவில் வெள்ளம் புகுந்தபோது, அலமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்து, வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வாசல் வழியாக மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து குளிக்கிற வாளியைக்கூட முழுக்க நிரப்ப மாட்டார். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாய்த்துடுக்கு. "டம்ளர்ல தண்ணி குடுத்தாக்கூட கரையில நின்னுதான் குடிப்பா" என்பார்.

இப்படிப்பட்டவரை நீச்சல் குளத்துக்குப் போகச் சொன்னால் எப்படி இருக்கும்?

அரசாங்கம் எங்கள் பள்ளிக்கு இரண்டு வகையில் பணம் தருகிறது. வசதியில்லாத பிள்ளைகளுக்கு என்று ஒன்று, விளையாட்டுக்கு என்று ஒன்று. விளையாட வைக்க எங்களிடம் இருப்பதோ ஒரு சிமெண்ட் முற்றம். விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். அதனால் தலைமையாசிரியை, அதாவது எங்கள் பெரிய டீச்சர், ஒரு முடிவுக்கு வந்தார். புதன்கிழமைகளில் பஸ் வைத்து நகராட்சி நீச்சல் குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது. பஸ்ஸும் குளத்து வாடகையும் விளையாட்டுப் பணத்தில். வாங்க முடியாத பிள்ளைகளுக்கு நீச்சல் உடையும் தொப்பியும் மற்றப் பணத்தில். நல்ல யோசனை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் கூடவே ஒரு வார்த்தை சேர்ப்பார்: "ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் திட்டமே போச்சு. ஞாபகம் வச்சுக்குங்க." அதைக் கேட்டுக் கேட்டே நான் செவ்வாய்க்கிழமையே பேர்ப்பட்டியலை இரண்டு தரம் எண்ணி வைத்துவிடுவேன்.

பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்றிவிட ஆள் வேண்டும் என்று மணியக்காவை அனுப்பினார்கள். பள்ளியின் கைமணியையும் எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் தண்ணீரில் ஆடும்போது அந்தக் குளத்துக் கூடத்தில் கத்தினால் எதிரொலிதான் வரும், சொன்னது யாருக்கும் புரியாது. அதனால் மணியடித்தால் எல்லோரும் உடனே மேலே ஏறிச் சுவரோரம் நிற்க வேண்டும் என்று முதல் நாளே பழக்கினோம். அக்கா கதவை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், மணி மடியில். தரை ஈரமாக இருந்தால் காலைத் தூக்கிக்கொள்வார். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கிற நேரம் முழுக்க அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். என்ன முணுமுணுக்கிறார் என்று நான் கேட்டதில்லை, எனக்கே பயமாக இருந்தது.

இலவசமாகக் கொடுப்பதெல்லாம் ஒரே நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்த மகராசன் சட்டம் போட்டானோ தெரியாது. நாங்கள் வாங்கியதெல்லாம் நீலத் தொப்பி. வீட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள் தலையில் மஞ்சள், பச்சை, பூப்போட்டது. பல் டாக்டர் மகளுடையது சிவப்பு, மீன் செதில் மாதிரி பளபளக்கும். இரண்டாவது வாரமே நீலத்துக்குப் பேர் விழுந்துவிட்டது: "ஓசித் தொப்பி".

அந்த வார்த்தை மணியக்காவைச் சுட்டது. அவருடைய மகள் படிக்கிற காலத்தில் இலவசச் செருப்பு கொடுத்தார்கள். கேலிக்குப் பயந்து அந்தப் பெண் செருப்பைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டு வெறுங்காலோடு பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். அக்காவுக்கு அது தெரிந்தது, காலில் கண்ணாடிச் சில்லு ஏறிச் சீழ் பிடித்த பிறகுதான்.

மூன்றாவது புதன்கிழமை, உடை மாற்றும் அறையில் அவர் ஒரு வாளியை நடுவில் வைத்தார். "எல்லாரும் தொப்பியை இதுல போடுங்க. கண்ண மூடிக்கிட்டு எடுக்கணும். எது வருதோ அதுதான் இன்னைக்கு உங்களுது." பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். யார் நீலம், யார் பச்சை என்பதே இல்லாமல் போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.

என் வகுப்பில் சுண்டு என்று ஒருத்தி. சுண்டுவிரல் அளவு இருப்பாள் என்று அந்தப் பேர். அவள் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். சொன்ன பேச்சைத் தட்டத் தெரியாத பிள்ளை. நாங்கள் வாங்கிய நீச்சல் உடை அவளுக்குத் தொளதொளவென்று இருந்ததால், முதுகுப் பட்டையில் அக்காவே ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார். அன்று சுண்டு கையில் வந்தது பல் டாக்டர் மகளின் சிவப்புத் தொப்பி. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள், போட்டுக்கொள்ளவே மனசு வரவில்லை. அக்காதான் மாட்டிவிட்டார், அந்தச் சின்னத் தலைக்கு அது கொஞ்சம் பெரிசு.

குளத்தில் சொல்லிக்கொடுக்கிற கோச்சுக்கு ஒரு நாளில் ஏழெட்டுப் பள்ளிகள். பேரும் முகமும் அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? அவர் ஒரு சுலபமான வழி வைத்திருந்தார். நீலத் தொப்பி என்றால் தண்ணீரையே பார்க்காத பிள்ளை, ஆழமில்லாத பக்கம். மற்ற நிறம் என்றால் ஏற்கெனவே பழகியது, ஆழப் பக்கம். நிறம் சொல்லிப் பிரிப்பது வரிசைக்காக என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம், இந்தக் காரணத்தை அவர் எங்களிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

அன்றும் அவர் விசிலை ஊதிக் கையைக் காட்டினார். "நீலம் எல்லாம் இந்தப் பக்கம். மத்தவங்க அந்தப் பக்கம் போய் வரிசையா குதிங்க."

நான் அப்போது வாந்தியெடுத்த ஒரு பையனுக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் மகளின் குரல் கேட்டது. "சார், எனக்கு நீஞ்சத் தெரியும் சார்!"

"நீலம்தானே? இறங்கும்மா. எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க."

மணியக்கா நிமிர்ந்து பார்த்தார். ஆழப் பக்கத்து விளிம்பில் ஒரு சிவப்புத் தொப்பி. அதற்குக் கீழே மெலிந்த முதுகில் அவர் போட்ட முடிச்சு. அவர் எழுந்திருப்பதற்குள் முடிச்சு தண்ணீருக்குள் மறைந்தது.

"கத்தணும்னு வாயத் தொறந்தேன் டீச்சர், காத்துதான் வந்துச்சு" என்று பிறகு சொன்னார். கோச் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆழத்தில் நீந்தத் தெரிந்த பிள்ளைகள் தண்ணீரை அடித்துக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை நுரையில் எது கை, எது கால் என்றே தெரியவில்லை. குரல்தான் அடைத்துவிட்டதே தவிர, மணி கையில் இருந்தது. அடித்தார்.

பள்ளியில் அவர் மணியடிப்பதற்கு ஒரு தாளம் உண்டு. இது அப்படி இல்லை. வீடு பற்றி எரிகிற மாதிரி அடித்தார். நான் அந்தப் பையனை விட்டுவிட்டு ஓடி வந்தேன். அதற்குள் பிள்ளைகள் பழகியபடி மளமளவென்று ஏறிச் சுவரோரம் போய் நின்றார்கள்.

"யாரும்மா மணியடிக்கச் சொன்னது?" என்று கோச் சீறினார்.

 தண்ணீர் மெல்ல அடங்கியது. அடங்க அடங்க, ஆழப் பக்கத்தில், கீழே, ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

கோச் குதித்தார். அந்தச் சிவப்பு யார் தலையில் இருந்தது என்று எனக்குத் தெரியும். என் மனசில் சுண்டுவின் அம்மா இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்றார். நான் அந்த அம்மாவிடம் என்ன சொல்வேன்? பெரிய டீச்சரும் திட்டமும் அந்த நேரம் எனக்கு ஞாபகமே வரவில்லை.

விளிம்பில் கிடத்தி முதுகைத் தட்டினார்கள். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினார்கள். பிறகு சுண்டு இருமினாள், தண்ணீராகக் கொட்டியது, ஓவென்று அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் சுவரோரம் பார்த்தேன். குதிக்கத் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்களில் பச்சையும் மஞ்சளும் போட்டுக்கொண்டு இன்னும் எத்தனை பேர், நீந்தத் தெரியாதவர்கள்! 

மணியக்கா எப்போது அங்கே வந்தார் என்று தெரியாது. குளத்து விளிம்பில் உட்கார்ந்து சுண்டுவை மடியில் போட்டிருந்தார். அவர் கால்கள் இரண்டும் முழங்கால் வரை தண்ணீருக்குள் இருந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. "என்னாலதான். நான்தான் வாளி வச்சேன். என்னாலதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோச் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. சுண்டுவைத் தூக்கியபோது அவள் ஒரு கை தலையிலேயே இருந்தது. இப்போதும் எடுக்கவில்லை.

"ஏன்டி கண்ணு, கைய வச்சு தண்ணிய அடிச்சிருந்தா மேல வந்திருப்பியே" என்றேன். 

அவள் சுவரோரம் நின்ற பல் டாக்டர் மகளைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். பல் கிடுகிடுத்தது.

"கைய எடுத்தா தொப்பி கழண்டுடும்ல அக்கா. அது அவளோடது."