எழுந்தது: ஐந்து மணி

நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. எழுந்தது ஐந்து மணி. ஆறேகாலிலிருந்து இருபது நிமிடம் மொட்டைமாடியில் நடை; மழை மூட்டம், வெயில் இல்லை, வெளிச்சம் இருந்தது. கடைசி டீ பிற்பகல் மூன்றுக்கு. பகலில் படுக்கவில்லை. இரவுச் சாப்பாடு ஏழரை. படுத்தது ஒன்பதே முக்கால்.

இருபத்திரண்டு வருடங்களாக இப்படித்தான் எழுதிவருகிறேன். நோட்டில் நானே அடிக்கோல் வைத்துக் கட்டம் போடுவேன். விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் சூளையின் சூட்டைக் குறிக்க ஒரு பதிவேடு இருந்தது. அதைப் பார்த்துப் போட்ட கட்டங்கள். அதில் அரை மணிக்கு ஒருமுறை சூடு எவ்வளவு என்று எழுதுவோம். என் நோட்டின் முதல் கட்டம் ‘எழுந்தது’. அதில் ஐந்தைத் தவிர வேறு எண் கிடையாது. நல்லபடியாகத் தூங்க நான் கண்டுபிடித்த வழி இவ்வளவுதான். எத்தனை மணிக்குத் தூங்கினாலும், தூங்காவிட்டாலும், எழும் நேரம் மாறக்கூடாது. இந்த ஒழுங்குக்கு வந்து சேர எனக்குக் காரணமாக இருந்தவர் எங்கள் சூப்பர்வைசர். நன்றியோடு இதைச் சொல்லவில்லை.

கம்பெனியில் மூன்று ஷிப்டு. யாருக்கு எந்த ஷிப்டு என்று அவர்தான் சொல்வார். அடுத்த வாரத்து ஷிப்டைச் சனிக்கிழமையே பலகையில் எழுதிப் போட்டால் நல்லது என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். “சூளைக்கு ஒன் தூக்கம் தெரியுமா?” என்றார்.

மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் நிலையான ஷிப்டே இல்லாமல் போனது. சாயங்காலம் கிளம்பும் நேரத்துக்கு வந்து நிற்பார். “ஏம்மா, நாளைக்கி காலையில வராத. நைட்டு வந்துடு.” இரண்டு நாள் கழித்து, “நாளைக்கி விடிகாலை.” பதினோரு மாதம் இப்படி. எப்போது தூங்க வேண்டும் என்பதே என் உடம்புக்கு மறந்துபோனது. படுத்தால் கண் மூடாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் மூடிக்கொள்ளும். என் ஊர் கருவேப்பிலங்குறிச்சியில் இறங்க வேண்டியவள் ஸ்ரீமுஷ்ணத்தில் போய் இறங்கியது ஒன்பது முறை.

கடைசியில் அந்தச் சூளைக் கதவு. வெந்த சரக்கு உள்ளேயே மெல்ல ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டு விரிசல் விடும். வாசலில் லாரி நிற்கிறது என்று, ஆறுவதற்கு முன்பே கதவைத் திறக்கச் சொன்னார். அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். மொத்தச் சரக்கும் விரிசல். மேனேஜர் வந்தபோது அவர் விரல் என் பக்கம் நீண்டது. “இந்தம்மா தூங்கி வழிஞ்சிக்கினு தொறந்துடுச்சி சார். சரியான தூங்குமூஞ்சி.” அன்றிலிருந்து அதுவே என் பெயர். கேட்டருகே இருந்த தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டி, “ஒங்க வூட்டு மரம் பூத்துருக்குது பாரு” என்பார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டேன்.

டவுனில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்து, டவுனிலேயே வீடு பார்த்துக் குடிவந்தேன். சூளைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை என் உடம்புக்கு நான் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரே சீராகச் சூடேற்றம், ஒரே சீராக ஆறவிடுவது, நடுவில் கதவைத் திறப்பதில்லை. ஒன்பது மணிக்குப் போனைக் கூடத்திலேயே வைத்துவிடுவேன். தூக்கம் திரும்பி வர ஏழு மாதம் ஆனது.

போன மாதம் அவர் எங்கள் தெருவுக்கே, மகன் வீட்டுக்குக் குடிவந்தார். எழுபது தாண்டிவிட்டது. கம்பெனியில் வேலை பார்த்தவள் என்ற அளவில் மட்டுமே என்னை நினைவிருந்தது. “ஒன் வூட்டு லைட்டு ஒம்பதே முக்காலுக்கு டக்குனு அணையுதும்மா. எப்பிடி? எனக்கு விடிய விடிய கண்ண மூட மாட்டங்குது.”

சொல்லித்தருகிறேன் என்றேன். மனசார அல்ல. தூக்கமில்லாத மனிதனை ஐந்துக்கு எழுப்பி, பகலில் கண்ணயரவும் விடாவிட்டால், முதல் பத்து நாள் நரகம் என்பது எனக்குத் தெரியும். தினமும் ஐந்துக்கு நானே போன் போட்டேன். நோட்டு எழுதச் சொன்னேன். சாயங்காலம் கொண்டுவந்து என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றேன். நான்காம் நாள் சிவந்த கண்ணோடு வந்து நின்றார். “இன்னிக்கி ஒரு நாளு வுட்டுடும்மா. மதியம் ஒரு மணி நேரம் சாஞ்சிக்கிறேன்.”

“சூளைக்கு ஒங்க தூக்கம் தெரியுமா சார்?” என்றேன்.

அவர் சிரித்தார். “நல்லா சொன்ன போ!”

அது தன்னுடைய வாக்கியம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

பதினோராம் தேதி சாயங்காலம், முப்பதாவது நாள், ஒரு சீப்பு பூவம்பழத்தோடு வந்தார். முகம் தெளிந்திருந்தது. “ஏழு மணி நேரம் ஒரே தூக்கம்மா. நீ நல்லா இருக்கணும்.” கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பிடித்தபடி கேட்டேன். “சார், லாரி நிக்குதுன்னு சூளை ஆறுறதுக்குள்ள கதவ தொறக்கச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்குதா?”

உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். “எந்தக் கதவும்மா? எத்தினியோ தொறந்தோம்.” பிறகு ஏதோ தோன்றியவராக, “நம்ம கம்பெனில தூங்குமூஞ்சின்னு ஒரு பொண்ணு இருந்துச்சே, அது இப்ப எங்க இருக்குது?” என்றார்.

“தெரியலைங்க சார்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒன்பது மணி ஆனதும் போனில் அலார நேரத்தை மாற்றினேன். அன்றைக்கு அதைக் கூடத்தில் விடாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் முதலில் செய்தது, விடியாத மூன்று மணிக்கு அவருக்குப் போன் போட்டது. நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார். “மணி இன்னாம்மா?” குரல் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவரின் குரல்.

“மூணு சார். இன்னிக்கி மூணு. நாளைக்கி எத்தினி மணின்னு சாயங்காலமா சொல்றேன்.”

போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். முதல் கட்டத்தில் மூன்று என்று எழுதினேன்.