சின்னம்மையைப் பெரியம்மை என்று எழுதினேன்

சிங்கப்பூரில் நகரச் சுகாதார மருத்துவராக நான் வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் பெரியம்மை பரவிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கம்பம் என்ற குடியிருப்பில் சுண்ணாம்புச் சூளை வேலை செய்யும் முனியம்மாவின் மூன்று வயது மகள் வள்ளிக்கு உடம்பெல்லாம் கொப்புளம் என்று தகவல் வந்தது.

வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. குழந்தையை வெளியே கொண்டுவரச் சொல்லிப் பார்த்திருக்கலாம். எனக்கு அவசரம். வாசலில் நின்றபடியே பெரியம்மை என்று எழுதிவிட்டேன்.

"ஐயா, இது சின்னம்மைங்க. என் தங்கச்சிக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்றாள் முனியம்மா.

"நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டேன்.

வள்ளியைக் கடலில் தள்ளியிருந்த சிறு தீவின் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சில நாட்களில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. முனியம்மா சொன்னதுதான் சரி. ஆனால் அதற்குள் அங்கிருந்த நோயாளிகளிடமிருந்து நிஜமான பெரியம்மை அவளுக்குத் தொற்றியிருந்தது. உயிர் பிழைத்தாள், இடது கண் போய்விட்டது.

யாரும் என்னை விசாரிக்கவில்லை. ஒரு வாரம் தயங்கிவிட்டு, நானே போய் முனியம்மாவிடம் என் தப்பைச் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கைக்குழந்தையைத் தூக்கி வந்தாள்.

"இவனுக்கு அம்மை குத்துங்க. இவன் கண்ணாவது நல்லா இருக்கட்டும்" என்றாள்.

குத்தினேன். என்னை மன்னித்தாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. அதன் பிறகு முப்பது வருடம் வேலை பார்த்தேன். எந்த வீட்டிலும் தாய் சொல்வதைக் கேட்காமல் நோயின் பெயரை நான் எழுதியதில்லை.