தூங்குமூஞ்சி மரத்துக் கிண்ணம்

பேய் பிசாசு, ஆவி, இதெல்லாம் நம்புற ஆளு நான் இல்ல நைனா. சர்ச்சுக்குப் போவேன், மெழுகுவர்த்தி ஏத்துவேன், அத்தோட சரி. எங்க தெருவுல யாராவது அதப் பாத்தேன் இதப் பாத்தேன்னு வந்து நின்னா, "மொதல்ல சாப்ட்டியா நீ?"ன்னு கேக்குறவ நானு. அதனால நீ சிரிச்சாலும் எனக்குக் கோவம் வராது. ஆனா நடந்ததத்தான் சொல்றேன், ஒரு பொட்டு கூட சேக்கல.

நான் மரத்துல கிண்ணம் கடையறவ, அது உனக்கே தெரியும். மொதல்ல திருவொத்தியூர்ல, இரும்பு வார்க்கிறதுக்கு மர அச்சு செய்யற பட்டறைல இருந்தேன், அத மூடினப்போ அந்த பழைய கடைசல் மிஷின நான் எடுத்துகினு வந்துட்டேன். கல்மண்டபம் பக்கம் ஒரு தகர ஷெட்டு. புயல்ல சாஞ்ச வேப்பமரம், உடைச்ச படகோட பலகை, கப்பல்ல சரக்குக்கு முட்டுக் குடுத்த கட்டை, எது கெடைச்சாலும் வுட மாட்டேன். மிஷின்ல மாட்டி உளிய வெச்சா உள்ள இன்னா கீதுன்னு மரமே சொல்லிடும்.

போன வருசம் ஹார்பர் குவாட்டர்ஸ்ல கால்வா தோண்டறதுக்காக தூங்குமூஞ்சி மரத்த வெட்டிட்டாங்க. சாயங்காலம் ஆனா இலையெல்லாம் மடிச்சிகினு தூங்குமே, அந்த மரம். எங்கப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்டினவரு, நானும் எங்கண்ணன் அந்தோணியும் அந்த குவாட்டர்ஸ்ல, அந்த மரத்தடியிலதான் வளந்தோம். சேதி தெரிஞ்சதும் ஓடிப்போய் ஒரு துண்டு ஆட்டோல போட்டுகினு வந்துட்டேன்.

அண்ணனுக்கும் எனக்கும் அப்ப எட்டு வருசமா பேச்சே இல்ல. அப்பா ஆஸ்பத்திரில, மூக்குல வாயில டியூப்போடவே போய்ட்டாரு. கல்லறைல அத்தினி பேரு முன்னாடி அண்ணன் என்னப் பாத்து, "நீதான்டி அவர அங்கயே சாவ வுட்ட"ன்னு சொல்லிட்டு, கத்திவாக்கம் போய் பொண்டாட்டி வூட்டோட இறால் புடிக்க ஆரம்பிச்சவருதான், என் பொண்ணு கல்யாணத்துக்குக் கூட வரல. நான் திருப்பி ஒரு வார்த்தை பேசல. ஏன்னா டியூப் வைக்கிறதுக்கு முந்தின நாளு அப்பா என் மணிக்கட்டப் புடிச்சிகினு, "வூட்டுக்கு இட்டுகினு போ மேரி"ன்னு கேட்டாரு. நான் "நாளைக்குப்பா"ன்னேன். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, என் புருசன் கிட்ட கூட.

அந்தத் துண்ட கடைஞ்ச அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ஈர மரம், கடைய கடைய மூஞ்சில தண்ணி தெறிக்குது, சீவல் சுருள் சுருளா மடில வுழுவுது. கிண்ணம் முடிஞ்சிச்சு, சொல்லி வெச்ச மாதிரி கரெண்டு போச்சு, சுவிச்ச அணைக்காமலே கிண்ணத்த கயட்டினேன். மடில வெச்சுகினு எண்ணெய் தேச்சேன். கண்ண மூடினேனா இல்லையான்னு இப்பவும் தெரியல.

மரத்தடியில நின்னுகினு இருக்கேன். கனவுன்னா கால்ல ஈரம் தெரியுமா? தெரிஞ்சிச்சு. நல்ல வெயிலு, ஆனா இலையெல்லாம் மடிஞ்சி தூங்குது. ரோஸ் கலர் பூ ஒண்ணொண்ணா, தரைக்கு வரவே மறந்துட்ட மாதிரி எறங்கிகினே கீது. வேர் மேல அண்ணன் உக்காந்திருக்காரு, தலை பூரா நரைச்சுப் போயி. எனக்கு ஆச்சரியமே இல்ல, தெனம் பாக்குற மாதிரி, "செருப்ப கயட்டுண்ணா, மண்ணு சில்லுனு கீது"ன்னேன். ரெண்டு பேரும் கயட்டி வேர் ஓரமா வெச்சோம்.

"அப்பா கடைசியா உன்கிட்ட இன்னா கேட்டாரு?"ன்னாரு.

சொல்லிட்டேன். "நாளைக்கு"ன்னு சொன்னத கூட சொல்லிட்டேன். அவரு என்னயே பாத்தாரு, வாயத் தொறந்தாரு, அதுக்குள்ள கரெண்டு வந்து மிஷினு தடதடன்னு சுத்த ஆரம்பிச்சுது. ஷெட்டுல கீறேன், கிண்ணம் மடில. எழுந்து வெளிய வந்தா வாசல்ல வுட்ட செருப்பக் காணோம். நாய் தூக்கினு போச்சுன்னு வெறுங்கால்லயே வூட்டுக்கு நடந்தேன்.

நம்பினா நம்பு, மறுநாள் காலைல அண்ணன் என் வாசல்ல நிக்கிறாரு. அதே நரை. வெறுங்காலு. நல்லாருக்கியான்னு கூட கேக்கல.

"பாதியில போய்ட்டியே மேரி, நான் பேசிகினே இருந்தேன். என்கிட்டயும் அதான் கேட்டாரு. நானும் நாளைக்குன்னுதான் சொன்னேன். அத மறைக்கத்தான் அன்னிக்கு உன் மேல பாஞ்சேன்."

முந்தின நாள் மத்தியானம் படகுல சாஞ்சாராம், அவ்ளோதான் தெரியுமாம். "செருப்பு எங்கண்ணா?"ன்னேன். "நீதான அங்க கயட்ட சொன்ன?"ன்னாரு. ரெண்டு பேரும் வாசப்படியில உக்காந்து அழுதோம், தெருவே பாத்துச்சு.

அன்னிக்கே குவாட்டர்ஸுக்குப் போனோம். மரம் இருந்த எடத்துல சிமெண்டு ஸ்லாப்பு, வேற ஒண்ணும் இல்ல. இப்ப அண்ணன் ஞாயித்துக்கிழமையானா இறாலோட வந்துடறாரு. கிண்ணத்த நான் விக்கல. எத்தினியோ மத்தியானம் மடில வெச்சுகினு உக்காந்து பாத்தேன், வெறும் மரமாத்தான் கீது.

ஆனா ஒண்ணு கீது. குவாட்டர்ஸ்லேர்ந்து திரும்பி வரும்போது அண்ணன் மெதுவா, "நேத்து வேர் ஓரத்துல மூணு ஜோடி செருப்பு இருந்துச்சே, பாத்தியா?"ன்னாரு. நானும் பாத்திருந்தேன். நீலக் கலர் வாரு வெச்ச ரப்பர் செருப்பு, கால்ல போடாத புதுசு, கடை ஸ்டிக்கர் கூட பிய்க்கல. நாங்க ரெண்டு பேருதான அங்க இருந்தோம்?

அதுலேர்ந்து கல்யாண மண்டபம் போனாலும் சரி, சாவு வூடு போனாலும் சரி, மொதல்ல என் கண்ணு வாசல்ல கீற செருப்பு மேலதான் போவுது, அந்த நீல வாரு கீதான்னு. தப்பா நெனைக்காத நைனா, இப்ப நீ உள்ள வந்தப்போ கூட உன் மூஞ்சியப் பாக்குறதுக்கு முன்னாடி உன் செருப்பத்தான் பாத்தேன்.