திமிங்கிலம் பார்க்கப் போனோம்

விலங்கியல் படிக்கிற நாங்கள் திமிங்கிலம் பார்க்கப் போகிறோம் என்றதும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் அறையின் வீட்டுக்காரி சிரித்தார். "நேவிக்காரனைத்தான் பாப்பியள்." அவர் சொன்னதில் பிழையில்லை. சண்டைக் காலம், கடலில் இறங்கக் கடற்படையின் தடை. ஆனால் வடமராட்சிக் கரையில் நின்றாலே திமிங்கிலம் தெரிகிறதாம் என்று கதை வந்திருந்தது. பஸ்ஸுக்கு டீசல் இல்லாத காலம். விடியவே வெளிக்கிட்டுச் சைக்கிள் உழக்கினோம்.

எங்களுக்கு வழிகாட்ட விரிவுரையாளர் ஒரு மீனவரை ஒழுங்கு செய்திருந்தார். கூலி வேண்டாம் என்ற அந்த மனிதர், தொலைநோக்கியை மட்டும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஏனென்று கரைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. போன கிழமை தடையை மீறிக் கடற்றொழிலுக்குப் போன அவருடைய தம்பி திரும்பவில்லை. தேடிப் போக ஒருவருக்கும் வள்ளம் இறக்கத் துணிவில்லை.

திமிங்கிலம் வரும் பக்கத்தைக் கையால் காட்டிவிட்டு, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தவர் எடுக்கவேயில்லை. பார்த்தது வேறு பக்கம். விரிவுரையாளர் இரண்டு தரம் செருமினார். எங்களில் ஒருவன் தொலைநோக்கியைக் கேட்க வாயெடுத்தான். முறைத்தேன், அடங்கிவிட்டான்.

வெயில் ஏறியபோது தூரத்தில் கறுப்பாக ஒன்று எழும்பியது. "அங்கை! அங்கை! கண்டிட்டம்!" என்று எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம். அவ்வளவு சந்தோசம்.

அந்தச் சத்தம் குடிசைகளுக்குக் கேட்டிருக்கிறது. பெண்கள் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் மீனவரின் தாய், தலைவிரி கோலமாக.

"எங்கை என்ரை பிள்ளை?"

"தம்பியில்லை, அம்மா. உவையள் கண்டது திமிங்கிலம்" என்றார் மகன்.

அழுவார் என்று நினைத்தோம். அழவில்லை. "திமிங்கிலம் தெரியுதெண்டால் வள்ளமும் தெரியும்தானே? இந்தப் பிள்ளையளின்ரை கண் நல்ல கண். பாக்கச் சொல்லு."

தொலைநோக்கி ஒவ்வொருவராகக் கைமாறியது. பார்ப்பவரின் பக்கத்திலேயே அந்தத் தாய் நின்றார். திமிங்கிலம் பார்க்கும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

என் முறை வந்தபோது, அது கண்ணாடிக்குள் நீரைப் பீச்சிக்கொண்டு எழும்பியது. எனக்கு அதன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. இவ்வளவு பெரிய உடம்பு மிதக்கிற கடலில் ஒரு மனிதன் மிதக்கக் கூடாதா?

"தெரியுதோ, பிள்ளை?"

"இல்லை, அம்மா."

"சரி. மற்றப் பிள்ளையிட்டைக் குடு" என்றார்.