லியோன் மாமா கைகாட்டாத காலை

என் அப்பா எமிலியானுஸுக்கு மற்றவர் மனதை வாசிக்கும் வரம் இருக்கிறது. குறை என்னவென்றால், எப்போதும் பிழையாகவே வாசிப்பார். பிரசங்கத்தின் நடுவே சுவாமியார் இருமினால், தன்னைப் பார்த்துத்தான் இருமினார் என்பார். பிரான்சிலிருக்கும் என் தம்பி ஒரு ஞாயிறு அழைக்காவிட்டால், "அவன் எங்களை மறந்திட்டான்" என்று தேத்தண்ணியைக் குடிக்காமல் வைப்பார். தம்பி திங்கட்கிழமை அழைப்பான். அதை மட்டும் அப்பா நினைவில் வைப்பதில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போன மாசியில் அந்தப் பேய் லியோன் மாமாவின் உருவில் வந்தது.

மாமா அப்பாவின் கூட்டாளி. முப்பது வருடமாக இருவரும் ஆளுக்கு ஆறு துண்டு வலை போட்டு, பன்னிரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒரே வள்ளத்தில் எழுவைதீவிலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போகிறார்கள். அந்தக் கிழமை மாமா, உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்டார். ஒருநாள் காலை அவர் இறங்குதுறைப் பக்கமாக நடந்து போனபோது அப்பா கைகாட்டினார். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவர் வேற ஆளோட சேரப்போறார். எனக்கு வயது போயிட்டுதெண்டு நினைக்கிறார்," என்றார் அப்பா. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட அவருக்கு அரை நிமிடம் காணும். "அவர் வந்து கேக்க முதல் நானே பிரிச்சு விடுறன்."

கத்தியோடு கரைக்குப் போய், வலைத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கயிறுகளை அறுக்கத் தொடங்கினார். அவரவர் துண்டை அவரவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கூட்டு முடிந்தது என்று அர்த்தம். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். வேண்டாம் என்று நான் கத்தினேன்.

அம்மா கத்தவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் போய் மணலில் இருந்தார். "இஞ்சேருங்கோ, நினைச்சதை விடுங்கோ. லியோன் அண்ணையில கண்ணால கண்டதை மட்டும் சொல்லுங்கோ."

"கைகாட்டேல்லை."

"வேற?"

"ஞாயிறு கோயில் படியில தடக்குப்பட்டவர்."

"வேற?"

அப்பா யோசித்தார். "வலைக்குள்ள கிடந்த நண்டில நேர கையை வைச்சவர். நான் ஏசினனான்." கத்தி நின்றது. "கத்தரீனா, அவருக்குக் கண் தெரியேல்லை."

மூவரும் மாமா வீட்டுக்குப் போனோம். கதிரையில் இருந்தவர், கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று முதலில் மறுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "ரெண்டு மாசமா மங்கலாத்தான் தெரியுது. சொன்னா நீர் என்னை வள்ளத்தில ஏத்தமாட்டீர் எண்டு நினைச்சனான்."

பிழையாக வாசிக்கும் அப்பாவின் வியாதி மாமாவுக்கும் இருந்திருக்கிறது. இருவரையும் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. ஏசவேண்டும் போலவும் இருந்தது.

"நாளைக்கு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டுவம். நான் கூட்டிக்கொண்டு போறன்," என்ற அப்பா, மாமாவின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினார். "நீர் என்னை விட்டிட்டுப் போறீர் எண்டு நினைச்சு வலையை அறுத்துப் போட்டன்."

மாமா தலையை நிமிர்த்தினார்.

"எத்தினை இடத்தில?"

"நாலு."

மாமா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். "கொண்டுவாரும். முடிச்சுப் போட எனக்குக் கண் தேவையில்லை."