ரேகை இல்லாத கை

கண்ணாடித் தட்டின் மேல் பெர்னடீன் கோசிக்கின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார் கைரேகை எடுக்கிறவர். துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ரேகை என்று சொல்ல ஒன்றுமில்லை.

“என்ன வேலம்மா பாக்குறீங்க?”

“வீடு வாங்குறவங்களுக்குக் கடன் போட்டுக் குடுக்குறேன்.”

“அது உக்காந்து பாக்குற வேலையாச்சே. இது பாத்திரம் தேய்க்கிற கையால்ல இருக்கு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று காலை முழுக்க அவள் சர்ச்சின் அடித்தளச் சமையலறையில்தான் நின்றிருந்தாள். தவக்காலம் வந்துவிட்டால் வீலிங் ஊரில் பாதிப் பேருக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அங்கிருந்துதான் போகும். மாவை வட்டமாக வெட்டி, நடுவில் உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து, ஓரத்தைக் கிள்ளி மூடுகிற பியரோகி. கிள்ளி முடித்து, மேஜைகளை பிளீச் ஊற்றித் தேய்த்துவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்தபடி நேராக இங்கே வந்துவிட்டாள். புத்தியுள்ளவள் செய்கிற காரியமில்லை. ஆனால் அந்தச் சமையலறையில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிறவளைப் பற்றி மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளும் சேர்ந்து பேசியிருக்கிறாள்.

பெர்னடீன் பிறந்ததே ஆற்றுக்கு இந்தப் பக்கம், வீலிங் இருக்கிற மேற்கு வர்ஜீனியாவில்தான். பள்ளிக்கூட கேன்டீனில் பல வருஷம் சட்டி கழுவினாள். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு, ரஸ்ஸல் என்பவரின் சின்னக் கடன் அலுவலகத்தில் போன் எடுக்கப் போனாள். போன் எடுத்து எடுத்தே தொழில் பிடிபட்டது. பரீட்சையில் ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறி, மேற்கு வர்ஜீனியாவில் கடன் போட லைசென்ஸ் வாங்கினாள். அது போதும் என்றுதான் இருந்தாள்.

போதவில்லை. வயசுப் பிள்ளைகள் எல்லாம் ஆற்றுப் பாலம் தாண்டிப் போய், அடுத்த மாநிலமான ஒஹாயோவில் வீடு பார்த்தார்கள். கடன் லைசென்ஸ் வீடு இருக்கிற மாநிலத்தைப் பார்க்குமே தவிர, வாங்குகிறவர் எங்கே குடியிருக்கிறார், எங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார் என்று பார்க்காது. தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரிகிற அக்கரை வீட்டுக்குக்கூட அவளால் கடன் போட முடியாது. ரஸ்ஸல் அலுவலகத்துக்கு ஒஹாயோ அனுமதி வாங்கிவிட்டு, தனக்கு ஓய்வுபெறும் வயசாகிவிட்டது, லைசென்ஸை நீ எடு என்று அவள் தலையில் கட்டினார். ஒஹாயோ சட்டத்துக்கான வகுப்பைச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து முடித்தாள். பாக்கி, போலீஸ் குற்றம் ஏதும் உண்டா என்று சரிபார்க்கக் கேட்கிற கைரேகைதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்டாசியா பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டைப் பிடித்தாள். கேன்டீன் காலத்திலிருந்து ஸ்டாசியா அவளுக்குச் சிநேகிதி. புருஷன் போன பிறகு வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் முட்டி வலியோடு ஏறி இறங்குகிறவள். இது படியே இல்லாத வீடு. என் கடனை நீதான் போடணும், வேறொருத்தன்கிட்ட என் சம்பளச் சீட்டைக் காட்ட மாட்டேன் என்று நின்றாள். பெர்னடீனும் சரி என்று சொல்லி வைத்திருந்தாள்.

கைரேகை எடுக்கிறவர் கொஞ்ச நாள் கழித்து வரச் சொன்னார். அதுவரை வெந்நீரில், பிளீச்சில், மாவில் கை படக்கூடாது. படுக்கும்போது களிம்பு தடவிக் கையுறை போட வேண்டும்.

வீட்டில் பாத்திரம் புருஷன் டெல்பர்ட்டின் பொறுப்பாயிற்று. கல்யாணமான நாளிலிருந்து தொட்டிப் பக்கமே போகாத மனிதர், இரண்டு கோப்பை கழுவிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். சட்டிகளை ஊறவைத்திருப்பதாகச் சொல்லி அப்படியே போட்டுவிடுவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள்.

சர்ச் சமையலறையில்தான் பாடு. தவக்காலத்தின் நடுவில், வெள்ளைப் பருத்திக் கையுறையோடு நாற்காலியில் உட்கார்ந்து டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினாள். மாவு பிசைகிற இடத்துக்கு ராணி மாதிரி இருக்கிற ஹலீனா, போகிறபோதும் வருகிறபோதும் ஒரு சொல் விட்டாள்.

“மகாராணிக்கு டீ கொண்டு வரவா?”

“ரெண்டு சர்க்கரை போட்டுக் கொண்டாங்க” என்றாள் பெர்னடீன்.

கை மட்டுமில்லை, வாயையும் கட்ட வேண்டியிருந்தது. ஸ்டாசியா கிள்ளிக்கொண்டே, இன்றைக்கு வட்டி எவ்வளவு, மாசம் எவ்வளவு வரும் என்று கேட்பாள். மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். ஆனால் லைசென்ஸ் இல்லாத மாநிலத்து வீட்டுக்கு வட்டி பேசினால் அதுவே குற்றம்.

“தெரியாதுன்னு சொல்றியா?”

“சொல்லக்கூடாதுன்னு சொல்றேன்.”

“எங்கிட்டயா? உன் பிரசவத்துக்கு உன்ன காருல கூட்டிட்டுப் போனவடி நானு.”

பெர்னடீன் அடுத்த டப்பாவை எடுத்து லேபிள் ஒட்டினாள். ஹலீனா மாவை மேஜையில் ஓங்கி அடித்தாள்.

இரண்டாம் தடவை ரேகை விழுந்தது. மங்கலாக இருந்தாலும் எடுபட்டது. அனுப்பியாயிற்று, லைசென்ஸ் வரத்தான் நாளாகும்; மறுபடி ரேகை கேட்டாலும் கேட்பார்கள் என்று அவள் கையுறையைக் கழற்றவில்லை. அதற்குள் ஸ்டாசியாவுக்கு வீடு விற்கிறவர், புளோரிடாவில் மகனிடம் போகிற அவசரத்தில், கடன் கிடைக்கும் என்று ஒரு உறுதிக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். புதன்கிழமை வரை பெர்னடீன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. வியாழக்கிழமை காலை ஸ்டாசியாவின் மூன்று மாடியையும் ஏறி மூச்சு வாங்க நின்றாள்.

“பாலத்துக்கு அந்தப் பக்கம் கடன் போடுற ட்ராய்னு ஒருத்தன் இருக்கான். ஒழுங்கானவன். இன்னிக்கே போ.”

“நீ போடறேன்னியே.”

“சொன்னேன். ஆகல. வீட்ட விட்டுடாத.”

ஸ்டாசியா கோட்டை மாட்டிக்கொண்டாள். போகிறபோது கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினாள். ட்ராய் அன்றைக்கே கடிதம் கொடுத்தான். வீடு அவளுக்குக் கிடைத்தது.

லைசென்ஸ் அடுத்த வாரம் வந்தது. ரஸ்ஸல் வாழ்த்துச் சொன்னார். பெர்னடீன் அதைக் கொண்டாடிய விதம் வேறு: சர்ச் சமையலறைக்குப் போய், கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, ஆவி பறக்கிற தொட்டியில் முழங்கை வரை கையை விட்டாள். அப்பாடா என்று இருந்தது. இனி ரேகை இருந்தால் என்ன, போனால் என்ன.

பக்கத்தில் ஒரு துண்டு வந்து நின்றது. ஸ்டாசியா. கழுவிய தட்டை வாங்கித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

“இப்பவாவது வட்டி சொல்லலாமா?”

பெர்னடீன் சொன்னாள். ட்ராய் கொடுத்ததைவிட ஒரு துளி அதிகம்.

“அப்ப அவன் போட்டதே நல்லதுங்கறியா?”

“நல்லதுதான். அதுல கைய வச்சுக் கெடுத்துக்காத.”

ஸ்டாசியா முதல் தடவையாகச் சிரித்தாள். அடுத்த தட்டை வாங்கும்போது, தன் தம்பியும் அந்தத் தெருவிலேயே வீடு பார்க்கிறான், ஆனால் அவன் வாயைத் திறந்தால் மூடமாட்டான், பொறுத்துக்கொள்வாயா என்று கேட்டாள். வரச் சொல் என்றாள் பெர்னடீன். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குச் சர்ச்சில் மாவு பிசைகிற நாள்.